அப்ஸானா வீட்டு மீன்தொட்டி

நாற்பத்தெட்டு வயதில் சுகுணாவுக்கு மீன் வளர்க்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று கொல்லிமலையின் வளப்பூர் நாட்டில் பேசிக்கொண்டார்கள். கிறுக்கு என்னவோ சரிதான், ஆனால் புதிதாகப் பிடித்ததில்லை. பதினான்கு வயதிலேயே வந்து ஒட்டிக்கொண்டது. கல்யாணம், காப்பித் தோட்டம், மாமியார் வைத்தியம், மகளின் படிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில் அதை வெளியே எடுத்துப் பார்க்க வாய்க்கவில்லை.

இப்போது வாய்த்தது. மகள் யமுனா கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டாள். புது வீட்டின் கூடத்துச் சுவரில், டி.வி. வைப்பதற்கென்று கொத்தனார் விட்டுவைத்த மாடம் ஒன்று சும்மாவே கிடந்தது. புருஷன் அர்த்தனாரி செய்தியெல்லாம் செல்போனிலேயே பார்த்துக்கொள்கிறவர். அதனால் டி.வி. வாங்கும் பேச்சு தள்ளிக்கொண்டே போய், அந்த மாடத்தில் பிளாஸ்டிக் பூ ஜாடி ஒன்று குடியேறியிருந்தது.

ஒருநாள் காலையில் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, "ஏனுங்க, அந்த எடத்துல ஒரு மீன்தொட்டி வெச்சுக்கட்டுங்களா?" என்றாள்.

"மீனா? ஆத்துப்பக்கம் போனா வேணுங்கறமட்டும் பாக்கலாமே புள்ள. ஊட்டுக்குள்ள எதுக்கு?"

"அது வேறயிங்க. நாஞ் சொல்றது கலர் மீனு."

அர்த்தனாரி அவள் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவள் தனக்கென்று எதையும் இப்படி நேராகக் கேட்டதில்லை. "வெச்சுக்க. மேல கரண்டு நிக்கற அழகு உனக்கே தெரியும். அப்பறம் என்னையச் சொல்லக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

அவள் மனதிலிருந்த தொட்டி சேந்தமங்கலத்தில் இருந்தது. மலையிலிருந்து இறங்கி ஒன்பதாம் வகுப்புக்குப் போன சுகுணாவை, அவளுடைய அப்பா அரசு விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டார். திரும்பிப் பார்த்திருந்தால் கையோடு கூட்டிக்கொண்டு போயிருப்பார் என்று அவளுக்குப் பிற்பாடுதான் புரிந்தது. அடிவாரத்து வெக்கை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதுகெல்லாம் வேர்க்குரு. சாயங்காலமானால் அழுகை. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்ஸானா இதைக் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, "எங்க ஊடு அடுத்த தெருதான். வர்றியா? குளுகுளுன்னு ஒண்ணு காட்டறேன்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கூடத்தில், பச்சை பெயிண்ட் அடித்த இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடித் தொட்டி ஒன்று நின்றது. உள்ளே சின்ன டியூப் லைட். நீர்க்குமிழிகள் சரம் சரமாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. சுகுணா ஓடைக் கெளுத்தியைப் பார்த்திருக்கிறாள். அயிரையைத் துணியில் அள்ளியிருக்கிறாள். ஆனால் பகலில் விளக்குப் போட்டு, மீனுக்கென்று ஒரு வீடு கட்டி, அதன் முன்னால் நாற்காலி போட்டு மனிதர்கள் உட்கார்ந்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தாள். நாற்காலியில் இருந்தவர் அப்ஸானா 'அத்தா' என்று கூப்பிடும் அவளுடைய அப்பா அப்பாஸ் அலி. கடைவீதியில் பெயிண்ட் கடை வைத்திருந்தவர். "வாம்மா, உக்காரு" என்றவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அழுத முகத்தோடு வந்த பிள்ளைக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

அதற்கப்புறம் பள்ளி விட்டால் அந்தத் தொட்டிதான். வார்டனிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, வீட்டுப்பாடத்தை அதன் முன்னால் விரித்துவைத்துக்கொண்டு இருவரும் மீன்களுக்குப் பெயர் வைத்தார்கள். வயிறு பெருத்த தங்கமீனுக்குக் கணக்கு டீச்சர் கோகிலவாணியின் பெயர். துடுப்புகளைப் பாவாடை மாதிரி விரித்துக்கொண்டு அவசரமே இல்லாமல் போகிற ஏஞ்சல் மீன்தான் எட்மிஸ்ட்ரஸ், அதாவது தலைமையாசிரியை. கறுப்பு மோலி மீன்கள் வார்டன்கள். உடம்பில் வரி போட்ட டைகர் மீன்கள் எந்நேரமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்ததால் அவை கடைசி பெஞ்ச். பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் சுகுணாவுக்குச் சேந்தமங்கலம் என்றால் அந்த வெளிச்சம்தான்.

பரீட்சை முடிந்த வருஷமே அப்ஸானாவை ஆம்பூரில் கட்டிக்கொடுத்தார்கள். சுகுணா மலைக்குத் திரும்பினாள். வீட்டுக்கு வீடு போன் இல்லாத காலம். நாலைந்து கடிதம் போய்வந்தது, பிறகு அதுவும் நின்றது. சண்டையுமில்லை, கோபமுமில்லை. இரண்டு பேருக்கும் குடும்பம் வந்தது, அவ்வளவுதான்.

ஐப்பசியில் ஒருநாள் சுகுணா நாமக்கல்லுக்குப் போய், யாரோ சொன்ன மீன் கடையில் நுழைந்தாள். மூன்றடித் தொட்டி, கூழாங்கல், ஃபில்டர், மூடியோடு விளக்கு. மீன் பக்கம் வந்ததும் அவளுக்கு யோசனையே தேவைப்படவில்லை. "தங்கமீனு குடுங்க. ஏஞ்சல் குடுங்க. அந்தக் கறுப்பு மோலி, வரிபோட்ட டைகரு, எல்லாத்துலயும் குடுங்க" என்று கை காட்டிக்கொண்டே போனாள். எந்த ஊருக்குக் கொண்டுபோகிறாள் என்று கடைக்காரர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மிளகு ஏற்றிக்கொண்டு மலையிறங்கிய தெரிந்த வேன்காரர் ஒருவர் திரும்பும்போது தொட்டியை ஏற்றிக்கொண்டார். மீன் பைகளை மட்டும் யாரையும் நம்பிக் கொடுக்க மனம் வராமல், மடியில் வைத்துக்கொண்டு சுகுணா பஸ்ஸில் உட்கார்ந்தாள்.

காரவள்ளி தாண்டி வளைவுகள் ஆரம்பித்தன. பஸ் ஏற ஏறப் பைகள் உப்பத் தொடங்கின. கீழே தொளதொளவென்று இருந்த பிளாஸ்டிக், பாதி மலை வந்ததும் மத்தளம் மாதிரி விறைத்துக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொன்னாயி என்ற பெண்மணி ஒரு பையை விரலால் சுண்டிப் பார்த்தார்.

"ஏனுங் அம்மணி, கொழம்புக்குங்களா?"

"இல்லீங்க. வளக்கறதுக்கு."

"வளத்துப்போட்டுக் கொழம்புக்குங்களா?"

பஸ்ஸில் சிரிப்புப் பரவிக்கொண்டிருந்தபோதே அடுத்த வளைவில் ஒரு பையின் ரப்பர் பேண்ட் பட்டென்று தெறித்தது. தண்ணீர் சுகுணாவின் சேலையை நனைத்தது. சிரித்தவர்களே பதறி எழுந்தார்கள். பொன்னாயி தன் தூக்குப்போசியில் மிச்சமிருந்த மோரை ஜன்னல் வழியாகக் கொட்டி, தண்ணீர் பாட்டிலால் அலசி நீட்டினார். மோலிகள் மீதி வழியைத் தூக்குப்போசியில் கடந்தன. செம்மேட்டில் இறங்கும்போது கண்டக்டர், "மீனுக்கெல்லாம் டிக்கெட்டு போடலீங்க, பாத்து எறங்குங்க" என்றார்.

அன்று மத்தியானமே தொட்டி மாடத்தில் ஏறியது. பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரை நிறைத்து, கல்லைப் பரப்பி, பைகளை அவிழ்த்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விட்டாள். விளக்கைப் போட்டதும் தங்கமும் கறுப்பும் வரியும் கலந்து ஓடின. ஒரு கணம் அவளுக்கு வேர்க்குரு அரித்தது போலக்கூட இருந்தது. அர்த்தனாரியும் வந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "பரவால்லியே" என்றார்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

முதலில் தண்ணீர் கஞ்சித்தண்ணி போலக் கலங்கியது. சுகுணா மொத்தத்தையும் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் நிறைத்தாள். மறுநாளும் கலங்கியது; மறுபடி கொட்டினாள். மோலிகள் உடம்பைக் குலுக்கிக்கொண்டு ஒரே இடத்தில் நின்றன, பிறகு மல்லாந்தன. டைகர் மீன்கள் ஏஞ்சல்களின் நீண்ட துடுப்புகளைக் கடித்துக் கடித்துக் கிழித்தன. அந்தப் பாவாடை விரிப்பு போய், கந்தல் கட்டியவை போல அவை மூலையில் ஒதுங்கின. கார்த்திகைக் குளிர் இறங்கியதும் டைகர்களும் அடங்கி, ஒவ்வொரு காலையிலும் ஒன்றிரண்டு மிதந்தன. செத்தவற்றை அவள் பலாமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தாள். கடைசியில் மிஞ்சியவை இரண்டு தங்கமீனும், துடுப்பு கிழிந்த ஒரே ஒரு ஏஞ்சலும்.

ஒருநாள் தொட்டியைக் கழுவிக்கொண்டே அழுதுவிட்டாள். அர்த்தனாரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மீனுதான புள்ள. வேற வாங்கிக்கலாம். இதுக்குப் போயி…"

"அவிய ஊட்டுல எல்லாம் ஒண்ணாத்தானுங்க இருந்துச்சு. தங்கமீனு, ஏஞ்சலு, டைகரு, மோலி, எல்லாம் ஒத்துமையா இருந்துச்சு. என்ற கையிலதான் இப்படிப் போவுது."

"எவிய ஊட்டுல?"

இருபத்தைந்து வருஷம் குடும்பம் நடத்திய மனிதரிடம் அப்ஸானாவைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. சொன்னாள். வேர்க்குருவிலிருந்து ஆரம்பித்துக் கோகிலவாணி டீச்சர் வரைக்கும் சொன்னாள். அர்த்தனாரி கேட்டுமுடித்துவிட்டு, "சேந்தமங்கலந்தான, சீமையா? போயி விசாரிச்சுட்டு வா" என்றார்.

அந்தத் தெருவில் அந்த வீடு இல்லை. அது இருந்த இடத்தில் மாடிக் கட்டடமும் கீழே செல்போன் கடையும் இருந்தன. சுகுணா எதிர்வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பார்க்கலாமே என்று கடைவீதிக்கு நடந்தாள். பெயிண்ட் கடை அப்படியே இருந்தது. கல்லாவில் தாடி நரைத்த ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"அப்பாஸ் அலி ராவுத்தர் கடைங்களா?"

"ஆமாங்க. அத்தா தவறி எட்டு வருசமாச்சு. நான் அவரு பையன் காலித். நீங்க?"

அந்த வீட்டில் டவுசர் போட்டுத் திரிந்த அப்ஸானாவின் தம்பி காலித், அவள் பங்கு முறுக்கைப் பிடுங்கித் தின்ற காலித்.  "நான் அப்ஸானா கூடப் படிச்சவ. கொல்லிமலை" என்றாள் சுகுணா.

அவர் எழுந்து நின்றுவிட்டார். "சுகுணா அக்காவா? அடேயப்பா, உக்காருங்கக்கா" என்று நாற்காலியைத் துடைத்துக்கொண்டே போனை எடுத்தார். அப்ஸானா ஆம்பூரை விட்டு வந்து ஆறேழு வருஷமாகிறதாம். மகன் நாமக்கல்லில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறானாம். புருஷனோடு அங்கேதான் இருக்கிறாளாம். மீன் வாங்கப் போன அதே நாமக்கல்.

போன் கைக்கு வந்தது. மறுமுனையில் கேட்டது கொஞ்சம் கனத்த, அறிமுகமில்லாத குரல்.

"நல்லாருக்கீங்களா?"

"நல்லாருக்கனுங்க. நீங்க நல்லாருக்கீங்களா?"

"அல்லா புண்ணியத்துல நல்லாருக்கோம். ஊட்டுக்காரரு, புள்ளைங்க எல்லாம்?"

"எல்லாரும் சௌக்கியங்க."

இருவருக்கும் நடுவில் அந்த 'ங்க' குறுக்குச்சுவர் மாதிரி நின்றது. சுகுணாவுக்கு ஏன்தான் வந்தோமோ என்றாகிவிட்டது. வேறு பேச்சு அகப்படாமல், "மீன்தொட்டி ஒண்ணு வெச்சனுங்க. உங்க ஊட்டுல இருந்த மாதிரியே தங்கமீனு, ஏஞ்சலு, டைகரு, மோலின்னு எல்லாத்தையும் போட்டனுங்க. எல்லாம் செத்துப்போச்சு. அதக் கேட்டுட்டுப் போலாம்னு…" என்று இழுத்தாள்.

மறுமுனையில் குரல் சட்டென்று உயர்ந்தது.

"ஏன்டி! தங்கமீனையும் டைகரையும் ஏஞ்சலையும் ஒரே தொட்டியிலயா போட்ட? அறிவிருக்குதாடி உனக்கு?"

சுகுணா கடைக்குள்ளேயே வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வழிந்தது. காலித் பார்க்காதவர் போல டப்பாக்களை அடுக்கத் தொடங்கினார்.

அதற்கப்புறம் அப்ஸானா அதட்டலும் உத்தரவுமாக இருந்தாள். தங்கமீனுக்குக் குளிர்ந்த தண்ணீர் போதும், அதைத் தொட்டியைவிட்டு வெளியே எடு. ஏஞ்சலுக்கு வெதுவெதுப்பு வேண்டும், மலைக் குளிர் ஆகாது, முதலில் ஒரு ஹீட்டர் போடு. தண்ணீரை மொத்தமாகக் கொட்டாதே. கலங்கினாலும் பொறுத்துக்கொண்டு வாரத்துக்குக் கொஞ்சமாக மட்டும் மாற்று. பஞ்சாயத்துத் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் இருக்கும், ஊற்றுத் தண்ணீரைப் பிடி. "தண்ணி பழகணும்டி. புதுத்தண்ணியில மீனு வாழாது. அத்தா புதுத் தொட்டி வெச்சா மாசக்கணக்குல ஒண்ணு ரெண்டு மீனத்தான் விட்டு வெச்சிருப்பாரு. நீ அங்க உக்காந்து என்னத்தப் பாத்த?"

காலித் அன்றே ஒரு ஹீட்டர் வாங்கிவந்து கொடுத்தார்.

தங்கமீன்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் தொட்டிக்குப் போயின. மீன்கொத்தி வராமல் அர்த்தனாரி மேலே வலை கட்டினார். உள்ளே ஏஞ்சல் தனியாக இருந்தது. கரண்டு போகும்போதெல்லாம் ஹீட்டர் நின்றுவிடும் என்பதால், அவர் தன் பழைய கம்பளியைக் கொண்டுவந்து தொட்டியைச் சுற்றிப் போர்த்திவிடுவார். "எனக்குக் குளுருதுன்னா கேக்க ஆளில்ல" என்று முணுமுணுப்பார். ஆனால் சுகுணா தோட்டத்தில் இருந்த ஒருநாள் கரண்டு போனபோது, வீட்டுக்கு ஓடியது அவர்தான்.

சாயங்காலம் தவறாமல் போன் வந்தது. தண்ணீர் தெளிந்ததா, ஏஞ்சல் தின்கிறதா என்று ஆரம்பிக்கும். பிறகு எங்கெங்கோ போகும். ஆம்பூரில் தனக்குப் பேச்சுத் துணையே இல்லாமல் போன முதல் வருஷங்களை அப்ஸானா சொன்னாள். யமுனாவுக்கு முன்னால் பிறந்து தங்காமல் போன பிள்ளையைப் பற்றிச் சுகுணா சொன்னாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்த நாட்கள் அனேகம். தண்ணீர் மெல்லத் தெளிந்தது. ஏஞ்சலின் கிழிந்த துடுப்பு ஓரத்தில் கண்ணாடி மாதிரிப் புதிதாகத் தளிர்த்து வந்தது.

பொங்கல் முடிந்த வாரத்தில் அப்ஸானா மலையேறினாள். செம்மேட்டு பஸ் நிலையத்தில் சுகுணா ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணாடி போட்ட, உடம்பு பெருத்த ஒரு பெண்மணி, மடியிலிருந்த பைகளை இரண்டு கையாலும் அணைத்தபடி படியில் இறங்கினாள். பைகள் அளவாகத்தான் உப்பியிருந்தன. மலைக்குப் போகிறது, காற்றைக் குறைத்து அடையுங்கள் என்று கடையில் சொல்லி வாங்கியிருந்தாள். தோள்வரை இறங்கிய முக்காடு, மூச்சு வாங்கல், வளைவுகளில் சுற்றிய தலை. ஆனால் பல்வரிசையில் பள்ளி நாளில் பார்த்த அந்தத் தூக்கல் அப்படியே இருந்தது.

"என்னடி இப்படிக் கெழவியாயிட்ட?" என்றாள் அப்ஸானா.

"நீ மட்டும் கொமரியாக்கும்?"

கட்டிக்கொள்ளவும் முடியவில்லை, நடுவில் மீன் பைகள் இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் அப்ஸானா காப்பிகூடக் குடிக்காமல் தொட்டியின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொண்டுவந்த பைகளை அவிழ்க்காமல் தண்ணீரில் மிதக்கவிட்டாள். "சூடு சமமாகட்டும்." பிறகு ஏஞ்சலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தா படுக்கையில் விழுந்ததும் அந்தத் தொட்டியை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்றும், அதற்கப்புறம் தான் ஒரு மீன்தொட்டியின் முன்னாலும் உட்கார்ந்ததில்லை என்றும் சொன்னாள்.

சுகுணா தரையில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள். "நாங் கேக்கணும்னே இருந்தேன் அப்ஸானா. உங்க தொட்டியில மட்டும் எல்லாம் ஒண்ணா எப்படி இருந்துச்சு? கோகிலவாணி டீச்சரு இந்தப் பக்கம் போவும், எட்மிஸ்ட்ரஸ் அந்தப் பக்கம் போவும், கடைசி பெஞ்சு அதுக ஊடால ஓடும். என்ற கண்ணுக்குள்ளயே நிக்குது."

அப்ஸானா திரும்பிப் பார்த்தாள். "ஒண்ணாவா? எப்போ?"

"நாம படிக்கறப்பத்தான்."

"இல்லடி. ஒண்ணா இருந்ததே இல்ல." அவள் விரல் மடக்கினாள். "ஒம்போதாவதுல தங்கமீனு மட்டுந்தான். அது போனப்பறம் அத்தா மோலி வாங்கிட்டு வந்தாரு. டைகரு பதினொண்ணாவதுல. அதுக ஒண்ணையொண்ணு கடிக்குதுன்னு கடையிலயே திருப்பிக் குடுத்துட்டு வந்தோமே, நீயுந்தான் கூட வந்த? ஏஞ்சல் வந்தது கடைசி வருசம். கோகிலவாணியும் எட்மிஸ்ட்ரஸும் ஒருத்தர ஒருத்தர் பாத்ததே கெடையாது. நாலு வருசத்து மீனையும் நீ ஒரே தண்ணியில விட்டு வெச்சிருக்கற."

 முப்பது வருஷமாகச் சுகுணா கண்ணை மூடினால் தெரிந்த தொட்டி அது. அடுப்படியில் நின்றபோதும், மாமியாரின் கட்டிலருகே விழித்திருந்தபோதும், விளக்கோடு வந்து நின்ற தொட்டி. அப்படி ஒன்று ஒருநாளும் இருந்ததில்லை என்றால் எப்படி? திருப்பிக் கொடுக்கப் போனது இப்போது லேசாக ஞாபகம் வந்தது. சைக்கிள் கேரியரில் வாளி, பின்னால் ஓடிய இரண்டு பேர். ஏதோ கைநழுவிப்போனது போலவும், இன்னொன்று கைக்கு வந்தது போலவும் இருந்தது.

"பச்சைக் கலர் சட்டமாச்சும் நெசந்தானா?" என்றாள் பலவீனமாக.

"பச்சையா? நீலம்டி."

"பச்சை!"

அப்ஸானா காலித்துக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "ரெண்டும் சரிதாங்க்கா. ஒவ்வொரு பெருநாளுக்கும் கடையில மிஞ்சுன பெயிண்ட எடுத்து அத்தா அதுக்கு அடிப்பாரு. ஒரு வருசம் ரோஸ்கூட அடிச்சாரு, அம்மா திட்டுச்சு."

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்தபின் அப்ஸானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "உனக்குத் தெரியாதது ஒண்ணு சொல்லட்டா? சாயங்காலம் மீனுக்குத் தீனி போடற நேரம் வந்தாலும் அத்தா போடமாட்டாரு. டப்பாவக் கையில வெச்சுட்டே வாசலப் பாப்பாரு. பசிக்குதுத்தா அதுகளுக்குன்னு நாங் கத்துவேன். 'இரும்மா, மலைப்புள்ள வந்துரட்டும்' அப்படிம்பாரு. நீ வர்றப்ப மீனெல்லாம் கண்ணாடிக்கிட்ட வந்து முட்டிட்டு நிக்குமே, உன்னையப் பாத்துதான் வருதுன்னு நீ நெனச்சுக்குவ. அதுகளுக்கு நேரங் கழிஞ்ச பசி."

 தினமும் உள்ளே நுழையும்போது மீன்கள் ஓடி வந்தது சுகுணாவுக்கு ஞாபகமிருந்தது. அந்த ஊரில் தன்னைக் கண்டதும் ஓடி வருவதற்கு அவையாவது இருக்கின்றன என்றுதான் அவள் அந்த வயதில் நினைத்தாள். அதற்காக ஒரு மனிதர் கையில் டப்பாவோடு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டதில்லை. இனிச் சொல்ல அவரும் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்ஸானா கையை நீட்டி அவள் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள்.

பிறகு வேலையைப் பார்த்தார்கள். ஏஞ்சலை வலையில் எடுத்து, வெதுவெதுப்பான தொட்டித் தண்ணீரிலேயே ஒரு பையில் விட்டார்கள். அது நாமக்கல்லுக்கு அப்ஸானாவோடு போகட்டும் என்று முந்தின வாரமே பேசி முடித்திருந்தார்கள். அந்த ஊர் வெயிலுக்கு அது ஹீட்டரே இல்லாமல் வாழும். மிதந்துகொண்டிருந்த பைகளை அவிழ்த்து, தொட்டித் தண்ணீரை டம்ளரால் கொஞ்சம் கொஞ்சமாக அவற்றில் ஊற்றினாள் சுகுணா. "பொறு, பொறு" என்று ஒவ்வொரு டம்ளருக்கும் அப்ஸானா தடுத்தாள். கடைசியில் பைகளைச் சாய்த்தபோது நீலக்கோடு போட்ட ஜீப்ரா மீன்கள் அம்பு மாதிரிப் பாய்ந்தன. அவற்றின் பின்னால் ரோஸி பார்ப் மீன்கள் நிதானமாக வந்து கூட்டமாகத் திரும்பின. இரண்டும் குளிரைத் தாங்குகிறவை. ஒன்றையொன்று தொந்தரவு செய்யாதவை. கீழே கல்லைக் கிளறிக்கொண்டு மீசை வைத்த கோரி மீன்கள் திரிந்தன.

மனதிலிருந்த தொட்டியைப் போல இது இல்லை. ஏஞ்சலின் விரிப்பு இல்லை, தங்கமீனின் தொப்பை இல்லை. ஆனாலும் சுகுணா கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ரோஸி பார்ப் வெளிச்சத்தில் திரும்பும்போது, வயிற்றுப் பக்கம் செம்பைத் தேய்த்துவைத்தது போல மினுங்கியது.

"இதுகளுக்குப் பேரு?" என்றாள் அப்ஸானா.

"இன்னிக்கு வேண்டாம். கொஞ்சம் பழகட்டும்."

மத்தியானம் மரவள்ளிக்கிழங்கும் மிளகுக் கோழியும். கோழியை அர்த்தனாரி முன்யோசனையாகச் சேந்தமங்கலத்துப் பாய் கடையில் வாங்கி வரவழைத்திருந்தார். அப்ஸானா கையைக் கழுவிக்கொண்டு வந்து, "அண்ணா, உங்க ஊத்துத் தண்ணி ரெண்டு கேன் கெடைக்குங்களா? நாமக்கல்லு போர் தண்ணி ஒரே உப்பு. ஏஞ்சலுக்கு இந்தத் தண்ணிதான் ஒத்துக்கும், பழகுன தொட்டித் தண்ணியும் கொஞ்சம் கலந்து விட்டுருவேன். இது போயிச் சேர்றதுக்குள்ள ஒரு தொட்டி ரெடியா இருக்கணும்னு பையன்கிட்டச் சொல்லிட்டேன்" என்றாள்.

"ரெண்டு எதுக்குங்க, நாலு கேன் போடறேன்" என்று அவர் அப்போதே எழுந்துவிட்டார்.

சாயங்கால பஸ்ஸில் கேன்களை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஏற்றினார்கள். அப்ஸானா ஜன்னலோரம் உட்கார்ந்து, ஏஞ்சல் இருந்த பையைச் சால்வையால் மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "போய்ச் சேந்ததும் போன் பண்றேன். நீ கண்டதையும் போட்டுத் தொலைக்காத. ஒரு சிட்டிகை போதும்."

"சரி சரி, போயிட்டு வா."

பஸ் நகர்ந்து சோளக்காட்டுப் பக்கம் திரும்பி மறைந்தது. சுகுணாவும் அர்த்தனாரியும் நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவர் சொன்னார்.

"அடுத்த தடவ ரெண்டு நாளு தங்கற மாதிரி வரச் சொல்லேன், புள்ள."

"அடுத்த தடவ நான் போறனுங்க. மொளகு பறிச்சு முடிஞ்சதும்."

"தனியாவா?"

"நீங்களும் வாங்க" என்றாள் சுகுணா. "அவ பையன் கண்ணாடிக் கடையில உக்காந்து பேசிட்டிருங்க. எங்களுக்குப் பேச வேண்டியது நெறைய இருக்குது."